பழைய கன்வெர்ட்டிபிள் காருக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் கெடுவதில்லை. உள்ளே ஆயில் நீர்த்துப்போகிறது, சீல் தேய்கிறது, கேஸ் கசிகிறது. இதெல்லாம் வருடக்கணக்கில் நடப்பதால் ஓட்டுகிறவருக்கு அந்தத் தளர்ச்சியே பழகிவிடுகிறது. அதனால்தான் பதினைந்து, இருபது வருடம் ஆன கன்வெர்ட்டிபிளை, அதாவது கூரையை மடக்கித் திறக்கக்கூடிய காரை, வாங்கியவர்கள் பலர், "இந்த வண்டியின் ஓட்டமே இப்படித்தான்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையில்லை. பின்பக்க ஷாக் இரண்டையும் சரியாகத் தேர்ந்தெடுத்து மாற்றினால், அந்த வண்டி பழைய நிதானத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் "சரியாக" என்ற இடத்தில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். எந்த பிராண்டு நல்லது என்று தேட ஆரம்பித்து, கடைசியில் சாலையில் பிடிப்பு கிடைக்கும் என்று நம்பி வண்டிக்குத் தாங்காத விறைப்பான ஷாக்கை வாங்கிவிடுகிறார்கள்.

பிராண்டு கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

கூரை இல்லாததால் என்ன மாறுகிறது

மூடிய காரில் கூரையும் தூண்களும் சேர்ந்து உடம்பை ஒரு பெட்டி போல இறுக்கிப் பிடிக்கின்றன. கன்வெர்ட்டிபிளில் அந்த மேல்பகுதி இல்லை. அடித்தளத்திலும் கதவுக்குக் கீழே உள்ள பக்கவாட்டுச் சட்டத்திலும் கூடுதல் இரும்பு வைத்து ஈடு செய்திருப்பார்கள். என்றாலும் முறுக்கத்தை எதிர்ப்பதில் மூடிய காருக்கு அது ஈடாகாது. ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறும்போது டாஷ்போர்டு நடுங்குவதும், முன்கண்ணாடி ஃபிரேம் அசைவதும், உள்ளே இருக்கும் ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரிவதும் இதனால்தான்.

இந்த நடுக்கத்துக்கும் ஷாக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டி, சும்மா விட்டால் நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை மேலும் கீழும் ஆடும். சக்கரமும் ஆக்சிலும் தனியாகத் துள்ளும் வேகம் அதைவிடப் பல மடங்கு. நொடிக்குச் சுமார் 10 முதல் 15 தடவை. கூரையில்லாத உடம்பு முறுக்கிக்கொண்டு அதிரும் வேகமும் ஏறக்குறைய இந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஷாக் தளர்ந்தால் சக்கரத்தின் துள்ளல் அடங்காமல் உடம்பை உலுக்குகிறது. ஷாக் மிகவும் விறைப்பாக இருந்தால் சாலையின் ஒவ்வொரு சிறு அடியையும் அப்படியே உடம்புக்குக் கடத்தி, அதே நடுக்கத்தைக் கொண்டுவருகிறது. மூடிய காரில் சுகமாகத் தெரியும் விறைப்பு கன்வெர்ட்டிபிளில் சுகமாகத் தெரிவதில்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள முடிவுகளெல்லாம் எளிதாகிவிடும்.

எடையும் வேறு. மடங்கும் கூரை, அதன் மோட்டார், அடியில் சேர்த்த இரும்பு எல்லாம் சேர்ந்து பின்பாதியைக் கனமாக்குகின்றன. கூரையை மடக்கினால் அந்த எடை இன்னும் பின்னால் போகிறது. அதனால் ஒரே மாடலின் செடானுக்கும் கூப்பேக்கும் கன்வெர்ட்டிபிளுக்கும் பின்பக்க ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனிப் பாக எண்ணில் வருவது வழக்கம். போல்ட்டு ஓட்டை பொருந்துகிறது என்பதற்காக செடானுக்கு உரியதை மாட்டிவிடக் கூடாது.

முதல் வேலை: கோளாறு ஷாக்கில்தானா என்று பாருங்கள்

ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. தாங்குவது ஸ்பிரிங். ஆகவே வண்டியின் பின்பக்கம் தாழ்ந்திருந்தால் புது ஷாக் அதைத் தூக்கி நிறுத்தாது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய வண்டிகளில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று துருப்பிடித்து ஒடிந்து, ஸ்பிரிங் பதிந்திருக்கும் கிண்ணத்திலேயே தங்கியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

டிக்கி மூலையைக் கையால் அழுத்தி விட்டு, எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரிந்தது. அழுத்தி விட்டதும் வண்டி மேலே வந்து நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் போய்விட்டது, சந்தேகமே வேண்டாம். ஆனால் நின்றுவிட்டது என்பதற்காக ஷாக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய வண்டியில் சஸ்பென்ஷன் இணைப்புகளில் இறுகிப்போன ரப்பர் புஷ்களே ஆட்டத்தை நிறுத்திவிடும். கையால் அழுத்தும் வேகமும் சாலைப் பள்ளம் கொடுக்கும் வேகமும் ஒன்றல்ல.

அதைவிட நம்பகமான அடையாளங்கள் உண்டு. டஸ்ட் கவரை மேலே தூக்கி ஷாக்கின் உடலைப் பாருங்கள். மெல்லிய ஆயில் பூச்சு, அதன்மேல் தூசி என்றால் கவலையில்லை. தடி உள்ளே போய் வரும்போது அவ்வளவு வெளியே வருவது இயல்பு. ஈரம் கோடு கோடாக வழிந்து அடிப் புஷ் வரை வந்திருந்தால் சீல் போய்விட்டது. பளபளப்பான தடியில் துருப் புள்ளிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த கன்வெர்ட்டிபிள்களில் இது அதிகம். இன்று கசியாவிட்டாலும் அந்தப் புள்ளிகள் சீலை அரம் போட்டு அறுத்துவிடும்.

அடுத்து, பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவட்டத்தில் மெதுவாகத் தடவுங்கள். மேடும் பள்ளமுமாக மாறி மாறித் தட்டுப்பட்டால் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளியபடி ஓடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம்கூடக் கைக்குத் தெரியும். தடவும் முன் டயரில் கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது மூன்று. வேகமாகப் போகையில் சாலை அலை போல ஏறி இறங்கினால், அந்த இடத்தைத் தாண்டிய பிறகும் பின்பக்கம் ஆடிக்கொண்டிருக்கிறதா? வளைவின் நடுவில் சிறு மேடு வந்தால் பின்பக்கம் பக்கவாட்டில் ஓரடி வைப்பது போல நகர்கிறதா? இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்தால் மட்டும் அடி தட்டுகிறதா? இவற்றில் ஒன்றுக்கு "ஆம்" என்றாலே மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சத்தம் மட்டும்தான் குறை என்றால் அவசரப்படாதீர்கள். குறைந்த வேகத்தில் சின்ன மேட்டில் கேட்கும் "டக் டக்" பெரும்பாலும் ஷாக்கிலிருந்து வருவதில்லை. ஷாக்கின் மேல்முனையை உடம்போடு பிடித்திருக்கும் மேல் மவுண்ட்டு, வண்டி வளைவில் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பான ஸ்டெபிலைசர் லிங்க் ராடு, சஸ்பென்ஷன் புஷ் இவற்றிலிருந்துதான் வரும். கன்வெர்ட்டிபிளில் கூரைக் கொக்கியும், மடக்குச் சட்டமும், டிக்கி மூடியும்கூட அதே மாதிரிச் சத்தம் போடும். கூரையைத் திறந்து ஒரு தடவை, மூடிப் பூட்டி ஒரு தடவை, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு தடவையும் மாறாமல் கேட்டால் கீழே தேடலாம். டிக்கிக்குள் பக்கவாட்டு லைனிங்கை விலக்கி, ஷாக்கின் மேல் நட்டைச் சுற்றியுள்ள ரப்பரில் விரலை வைத்துக்கொண்டு, இன்னொருவரை வண்டியை ஆட்டச் சொல்லுங்கள். மவுண்ட்டு போயிருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரல் நுனியில் அடி தெரியும்.

டிக்கி மூலையில் துருவைத் தேடுங்கள்

ஷாக் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய இந்த வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சாஃப்ட் டாப்பின் (மடங்கும் துணிக் கூரையின்) ஓரத்தில் விழும் மழைநீர் சிறு குழாய்கள் வழியாகக் கீழே இறங்கி வெளியேற வேண்டும். அந்தக் குழாய்களில் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பக்கச் சட்டத்துக்குள்ளோ டிக்கிக்குள்ளோ போய்த் தேங்குகிறது. மாஸ்டா மியாட்டாவின் முதல் இரண்டு தலைமுறைகளில் இருக்கைக்குப் பின்னால் உள்ள குழாய்கள் அடைத்துப் பக்கச் சட்டம் துருப்பிடிப்பது பேர்போன குறை. வேறு வண்டிகளில் அதே நீர் ஷாக் மேல்முனை பதிந்திருக்கும் இரும்புத் தகட்டை அரிக்கிறது.

பி.எம்.டபிள்யூ. இ36, இ46 வரிசைக் கார்களில் பின்பக்க ஷாக்கின் மேல் மவுண்ட்டு பலவீனமானது. ரப்பர் பிய்ந்த பிறகும் கவனிக்காமல் ஓட்டினால் அதைப் பிடித்திருக்கும் உடம்புத் தகடே வளைந்து கிழியத் தொடங்கும். அதற்காக மவுண்ட்டுக்கு மேலே வைக்கும் உறுதித் தகடு தனியாகவே கிடைக்கிறது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஷாக் மாற்றும்போது அதையும் சேர்த்தே வைத்துவிடுவது நல்லது.

லைனிங்கைக் கழற்றி, தகட்டின் ஓரங்களைத் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மொத்தையாக ஒலிக்கும். அரித்திருந்தால் முதல் செலவு வெல்டிங்குக்குத்தான். துருப்பிடித்த தகட்டில் விறைப்பான புது ஷாக்கை மாட்டுவது ஆபத்து.

உங்கள் வண்டியில் எந்த அமைப்பு?

பின்பக்கத்தில் ஷாக் தனியாகவும் ஸ்பிரிங் தனியாகவும் இருந்தால் வேலை எளிது. மேலே ஒரு நட்டு அல்லது இரண்டு, கீழே ஒரு போல்ட்டு, அவ்வளவுதான். மேலே சொன்ன பி.எம்.டபிள்யூ. கார்கள் இந்த வகை. மியாட்டா போலச் சில வண்டிகளில் ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். அதை முழுதாகக் கழற்றி, ஸ்பிரிங் கம்ப்ரஸரால் அமுக்கி, பிறகுதான் ஷாக்கைப் பிரிக்க முடியும். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. முறையான கருவியும் பழக்கமும் இல்லாதவர்கள் அந்தப் பகுதியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள்.

சில வண்டிகளில் தனிக் கவனம் தேவை. ஷாக்கிலிருந்து மின்கம்பி வந்தால் அது மின்னணு முறையில் விறைப்பை மாற்றும் வகை. அதற்குப் பதிலாகச் சாதா ஷாக் மாட்டினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அணைக்கும் தனி மாட்யூல் உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹைட்ராலிக் குழாய் வந்தாலோ, உடல் வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருந்தாலோ, அது தானாக உயரத்தைச் சரிசெய்யும் வகையாக இருக்கலாம். நிவோமாட் என்ற பெயரில் வருவது அப்படிப்பட்டது. அது எடையின் ஒரு பங்கையும் சுமப்பதால் கூடவே வரும் ஸ்பிரிங் மென்மையாக இருக்கும். ஷாக்கை மட்டும் சாதா வகைக்கு மாற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இன்னும் பழைய வண்டி என்றால் நெம்புகோல் வகை ஷாக் (நீளும் குழாய்க்குப் பதிலாக ஒரு கை ஆடி உள்ளே ஆயிலைத் தள்ளுவது) இருக்கக்கூடும். 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கத்தில் இருப்பது அதுதான். அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆயில் ஊற்றலாம், பழுது நீக்கிப் புதுப்பிக்கலாம். குழாய் வகைக்கு மாற்றும் கிட்டுகள் உண்டு என்றாலும், நல்ல நிலையில் புதுப்பித்த நெம்புகோல் ஷாக்கே அந்த வண்டிக்குப் போதும் என்பது என் கருத்து.

உயரத்தை அளந்து எழுதுங்கள்

சமதளத்தில் நிறுத்தி, டேங்கில் பாதி பெட்ரோல் வைத்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை செங்குத்தாக அளந்து இரண்டு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுத்துவிடும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். முன்பு வைத்திருந்தவர் தாழ்வான ஸ்பிரிங் மாட்டியிருக்கிறாரா என்பதும் இதில் தெரிந்துவிடும். ஸ்பிரிங்கில் உள்ள வண்ணக் கோடுகளையும் அச்சிட்ட எண்ணையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், ஒரிஜினல் உயரத்துக்கான ஷாக்கும் தாழ்த்திய வண்டிக்கான ஷாக்கும் வேறு நீளம். தாழ்த்திய வண்டியில் நீள ஷாக்கை மாட்டினால் அது எப்போதும் பாதிக்கு மேல் அமுங்கியே இருக்கும். சிறு பள்ளத்திலேயே, கடைசி இடியைத் தாங்கும் ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். ஒரிஜினல் உயரத்தில் குட்டை ஷாக்கை மாட்டினால் சக்கரம் தொங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு இழுத்துக்கொள்ளும்.

முன்பு மாட்டிய தாழ்வான ஸ்பிரிங் இருந்தால், அதை எடுத்துவிட்டு ஒரிஜினல் ஸ்பிரிங்குக்குத் திரும்பவே சொல்வேன். வயதான கூரையில்லா உடம்புக்குச் சக்கர அசைவுக்கான இடம் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

எந்த வகை ஷாக்?

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சந்தையில் உள்ளவை முக்கியமாக இரண்டு வகை: இரட்டைக் குழாய், ஒற்றைக் குழாய்.

இரட்டைக் குழாய் வகையில் ஒரு குழாய்க்குள் இன்னொன்று இருக்கும். பிஸ்டன் உள் குழாயில் ஓடும். கூடுதல் ஆயில் வெளிக் குழாயில் நிற்கும். அதன் மேல்பகுதியில் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் நிரப்பியிருந்தால் "கேஸ் ஷாக்" என்கிறார்கள். ஆயிலில் நுரை கட்டாமல் இருப்பதற்குத்தான் அந்தக் கேஸ். உரசல் குறைவு, வெளிக் குழாயில் கல் பட்டுச் சிறிது நசுங்கினாலும் பிஸ்டன் ஓடுவது கெடாது. பெரும்பாலான கார்கள் தொழிற்சாலையிலிருந்து இந்த வகையோடுதான் வந்தன.

ஒற்றைக் குழாய் வகையில் பிஸ்டன் நேரடியாக வெளிச் சுவரிலேயே ஓடுகிறது. ஆயிலுக்கும் கேஸுக்கும் நடுவில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைக்கிறது. கேஸ் அழுத்தம் மிக அதிகம். 25 பார் அளவில் இருக்கும். வெப்பம் சீக்கிரம் வெளியேறும், விடாமல் வேலை வாங்கினாலும் பிடிப்பு தளராது, சிறு அசைவுக்கும் உடனே பதில் சொல்லும். இவை நிஜமான பலன்கள். ஆனால் பழைய கன்வெர்ட்டிபிளுக்கு இவற்றுக்கு ஒரு விலை உண்டு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தடியின் விட்டம் 12 மி.மீ. என்றால் அதன் குறுக்குப் பரப்பு சுமார் 1.13 சதுர செ.மீ. 25 பார் அழுத்தத்தில் அந்தத் தடியை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 280 நியூட்டன். கிட்டத்தட்ட 29 கிலோ. 5 பார் கேஸ் உள்ள இரட்டைக் குழாயில் அதே தடியை வெறும் 6 கிலோ அளவுக்குத்தான் தள்ளும். அதாவது ஒற்றைக் குழாய் ஷாக் ஒவ்வொன்றும் ஸ்பிரிங்குக்குத் துணையாக இன்னொரு 23 கிலோவைத் தாங்கி நிற்கிறது. பின்பக்கம் சில மி.மீ. உயரும். சீல் இறுக்கமாகப் பிடித்தாக வேண்டியிருப்பதால் உரசலும் கூடும். மெல்லிய சொரசொரப்பில் ஷாக் அசையாமல் நிற்க, அந்த அதிர்வு உடம்புக்குப் போகும். கூரையில்லாத வண்டியில் அது டாஷ்போர்டில் தெரியும்.

ஆகவே என் பரிந்துரை இதுதான். நீங்கள் வண்டியைச் சாதாரணமாக ஓட்டுகிறவர் என்றால், ஒரிஜினல் தரத்துக்கு நிகரான, குறைந்த அழுத்தக் கேஸ் உள்ள இரட்டைக் குழாய் ஷாக்கை வாங்குங்கள். உங்கள் கன்வெர்ட்டிபிள் தொழிற்சாலையிலேயே ஒற்றைக் குழாய் ஷாக்கோடு வந்திருந்தால் அதே வகைக்குப் போகலாம். அந்த உடம்பையும் ஸ்பிரிங்கையும் அதற்கேற்பவே அமைத்திருப்பார்கள். மலைச் சாலையிலோ ரேஸ் டிராக்கிலோ விடாமல் ஓட்டுகிறவர்கள், அடித்தளத்தில் உறுதிச் சட்டங்களும் சேர்த்திருப்பவர்கள், ஒற்றைக் குழாய்க்கு மாறுவதில் பொருள் உண்டு.

விறைப்பைத் திருகி மாற்றும் வகையும் இருக்கிறது. நல்ல யோசனைதான், ஆனால் வாங்கும் முன் இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பக்கத்து விறைப்பு மாறுகிறது? பல ஷாக்குகளில் நீளும்போது உள்ள விறைப்பு மட்டுமே மாறும்; அமுங்கும்போது உள்ளது மாறாது. இரண்டாவது, மாற்றுவதற்குக் கழற்ற வேண்டுமா? பின்பக்க ஷாக்குகள் பலவற்றில் வண்டியிலிருந்து எடுத்து, முழுதாக அமுக்கித்தான் திருக முடியும். அப்படிப்பட்டதை ஆகக் குறைந்த விறைப்பில் வைத்து மாட்டிவிடுங்கள். பெரும்பாலோர் பிறகு அதைத் தொடுவதே இல்லை.

உயரத்தையே திருகி மாற்றும் காயில் ஓவர் கிட்டுகளை, அதுவும் மலிவானவற்றை, வயதான கன்வெர்ட்டிபிளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிராண்டுக்குள் எந்த வரிசை என்று பாருங்கள்

ஒரே நிறுவனம் மென்மையானதும் விறைப்பானதும் செய்கிறது. பெயரைவிட வரிசைதான் முக்கியம். பில்ஸ்டைன் என்று எடுத்துக்கொண்டால், பி4 என்பது ஒரிஜினலுக்கு மாற்று. பி6 என்பது ஒரிஜினல் உயரத்துக்கான, விறைப்பு கூடிய ஒற்றைக் குழாய். பி8 என்பது தாழ்த்திய ஸ்பிரிங்குக்கான குட்டை வடிவம். "பில்ஸ்டைன் மாட்டினேன், வண்டி குதிக்கிறது" என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது எந்த வரிசை என்பதுதான்.

கே.ஒய்.பி.யில் எக்செல்-ஜி இரட்டைக் குழாய். கேஸ்-அ-ஜஸ்ட் ஒற்றைக் குழாய். கோனியில் மஞ்சள் நிற ஸ்போர்ட் திருகி மாற்றும் வகை. ஸ்பெஷல் ஆக்டிவ் என்பது வேகமான சிறு அதிர்வுகளுக்கு மென்மையாகவும், மெதுவான பெரிய ஆட்டத்துக்கு விறைப்பாகவும் வேலை செய்யும்படி உள்ளே கூடுதல் வால்வு வைத்தது. கன்வெர்ட்டிபிளின் பிரச்சினைக்கு நேராகப் பொருந்தும் யோசனை அது. உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். சாக்ஸ் பல ஜெர்மன் கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே சப்ளை செய்த நிறுவனம். அந்தக் கார்களுக்குச் சாக்ஸின் மாற்று ஷாக் பெரும்பாலும் நம்பி வாங்கக்கூடியது.

பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஷாக் வேண்டாம். உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆர்டர் போடும்போது

மாடல் பெயரும் வருடமும் மட்டும் கொடுக்காதீர்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஒரிஜினல் பாக எண்ணை முதலில் எடுங்கள். ஒரே வருடத்தில் ஸ்போர்ட் சஸ்பென்ஷன், சாதா சஸ்பென்ஷன் என்று இரண்டு இருந்திருக்கலாம். அந்த எண்ணை ஷாக் நிறுவனத்தின் கேட்டலாகில் போட்டு, "கன்வெர்ட்டிபிள்" அல்லது "கேப்ரியோ" என்று தனியாகக் குறித்திருக்கிறதா பாருங்கள். செடானுக்கும் அதற்கும் ஒரே எண் என்று கேட்டலாகே சொன்னால் பரவாயில்லை. கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்னால் போதாது.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். முன்பக்கத்தை என்ன செய்வது என்ற கேள்வியும் உடனே வரும். நான்கையும் மாற்றுவது சிறந்தது. இப்போதைக்குப் பின்பக்கம் மட்டும்தான் முடியும் என்றால் ஒரிஜினல் தரத்துக்கு மேல் போகாதீர்கள். தளர்ந்த முன்பக்கமும் விறைத்த பின்பக்கமும் சேர்ந்தால், திடீரென்று ஸ்டியரிங் திருப்பும்போது பின்பக்கம் வெளியே ஓடப் பார்க்கும். ஈரச் சாலையில் அது விளையாட்டில்லை.

ஷாக்கோடு சேர்த்து வாங்க வேண்டியவை: மேல் மவுண்ட்டு, பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், புது லாக் நட்டுகள். பம்ப் ஸ்டாப்பைத் துச்சமாக நினைக்காதீர்கள். பழையதைக் கையில் எடுத்தால் பொடிப்பொடியாக உதிரும். சக்கர அசைவு குறைவாக உள்ள மியாட்டா போன்ற சிறு வண்டிகளில் அதுவும் ஸ்பிரிங்கின் ஒரு பகுதியாகவே வேலை செய்கிறது.

பெட்டி வந்ததும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, முழுதாக நீண்ட நிலையில் நீளம், அடிப் புஷ்ஷின் அகலம், மேல் திரெட்டின் விட்டம் மூன்றையும் ஒப்பிடுங்கள். உடலில் அச்சிட்ட எண் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். லேபிளில் எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, தடியில் கீறல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். போலிகள் நிறைய உலவுகின்றன.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

முந்தின நாள் மாலையே கீழ் போல்ட்டுக்குத் துரு நீக்கும் ஆயில் அடித்து விடுங்கள். கூரையை மூடிப் பூட்டுங்கள்; மேல் நட்டை எட்டக் கூரை வேறு நிலையில் இருக்க வேண்டும் என்றால் மேனுவலில் சொன்னபடி செய்யுங்கள். மேனுவல் காட்டும் இடத்தில் மட்டும் ஜாக்கி வைத்து, பின்பக்கம் இரண்டையும் சேர்த்துத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது கதவைத் திறக்கவோ அடிக்கவோ வேண்டாம். கூரையில்லாத உடம்பு அப்போது சற்று வளைந்திருக்கும். திறந்த கதவு பிறகு சரியாகப் பொருந்தாமல் விளிம்பில் இடிக்கும்.

ஷாக்கைக் கழற்றும் முன் சஸ்பென்ஷன் ஆர்முக்கோ ஆக்சிலுக்கோ அடியில் இன்னொரு ஜாக்கி முட்டுக் கொடுங்கள். பல வண்டிகளில் சக்கரம் அளவுக்கு மீறித் தொங்காமல் பிடித்து வைத்திருப்பதே அந்த ஷாக்தான். முட்டு இல்லாமல் போல்ட்டை உருவினால் ஆர்ம் சட்டென்று விழுந்து பிரேக் ஹோஸை இழுத்துவிடும். ஸ்பிரிங்கும் இடம் நழுவலாம்.

புது இரட்டைக் குழாய் ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து, மெதுவாக ஐந்தாறு தடவை முழுதாக அமுக்கி நீட்டுங்கள். படுக்க வைத்த நிலையில் வந்ததால் உள் குழாயில் புகுந்த கேஸ் வெளியேறிவிடும். முதல் சில அமுக்கலில் இடையே வெற்றாக ஓடுவது தெரியும். பிறகு ஒரே சீராக இருக்கும். கட்டு போட்டு வந்த கேஸ் ஷாக்கின் கட்டை அறுக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்; தடி வேகமாக வெளியே வரும்.

தடி சுற்றாமல் இருக்க அதன் பளபளப்பில் கட்டிங் பிளேயர் போட்டுப் பிடிப்பது பெரிய தவறு. ஒரு கீறல் போதும், சீல் காலி. தடி நுனியிலேயே ஆலன் கீ போடவோ ஸ்பேனர் போடவோ வெட்டு இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கையால் நட்டை இறுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம்.

கீழ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும்; சில மாதத்தில் கிழிந்துவிடும். கைக்கு இறுகும் அளவு வைத்துவிட்டு, முட்டுக் கொடுத்த ஜாக்கியால் ஆர்மைத் தூக்கி, முன்பு குறித்த மையம்–மட்கார்டு அளவுக்குக் கொண்டுவந்து, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

மாட்டிய பிறகு

மாட்டும்போதே ஒரு ஷாக்கின் தடியில், உடலை ஒட்டி, சிறிய கேபிள் டையைக் கட்டி விடலாம். டஸ்ட் கவர் மறைக்காத அமைப்பாக இருந்தால் இது மிகவும் பயன்படும். இறுக்கிக் கட்டாமல், நகரும் அளவுக்குப் பிடித்திருந்தால் போதும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு பார்த்தால், ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அந்த டை தடியில் தள்ளப்பட்டு நிற்கும் இடம் காட்டும். பம்ப் ஸ்டாப் வரைக்கும் போய் இடித்துக்கொண்டே இருந்தால் ஷாக்கின் நீளமோ ஸ்பிரிங்கோ பொருந்தவில்லை. பார்த்து முடித்ததும் டையை வெட்டி எடுத்துவிடுங்கள்.

முதல் 200, 300 கி.மீ.க்குப் பிறகு மேல் நட்டுகளை ஒரு தடவை சரிபாருங்கள், உயரத்தையும் மறுபடி அளந்து பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். பின்பக்கம் உயர்ந்திருந்தால் ஹெட்லைட் கீழ்நோக்கி அடிக்கும். அதைத் திருத்த வேண்டும். ஷாக் தனியாக உள்ள வண்டியில் அலைன்மென்ட் பெரும்பாலும் கெடாது. ஸ்பிரிங்கோடு சேர்ந்த வகையாக இருந்தாலோ, சஸ்பென்ஷன் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தாலோ நான்கு சக்கர அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

மேடு பள்ளமாகத் தேய்ந்த டயர் புது ஷாக் போட்டாலும் இரைச்சல் போட்டுக்கொண்டுதான் இருக்கும். அதைக் கேட்டு ஷாக்கைக் குறை சொல்லாதீர்கள். பின் டயர் இரண்டையும் மாற்றிய பிறகு ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.